மீதி அறுநூற்று எழுபத்து நான்கு

எங்கள் அல்வால் வீட்டு மின்சார மீட்டரின் எண் 27805837. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அந்தப் பீற்றலுக்குக் கிடைத்த சூடு இன்னும் ஆறவில்லை.

என் வேலையே சரிபார்ப்பதுதான். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். அங்கே ஒருவர் எடை போட்டு எழுதினால் இன்னொருவர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு கட்டம் இருக்கும்: செய்தவர், சரிபார்த்தவர். அந்த இரண்டாவது கட்டத்தில்தான் என் வயசு போனது. புதிதாக வரும் பெண்களிடம் முதல் நாளே கத்துவேன். "கூட்டல் கழித்தல் எல்லாம் அப்புறம் பாரும்மா. மொதல்ல மேல எழுதியிருக்கற நம்பரும் பாட்டில் மேல இருக்கற நம்பரும் ஒண்ணுதானான்னு பாரு. அதுவே தப்புன்னா கீழ எல்லாம் சரியா இருந்து என்ன பிரயோஜனம்?"

தப்பைத் திருத்தவும் முறை உண்டு. கிறுக்கி மறைக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படியாக. பக்கத்தில் சரியான எண், அதற்குப் பக்கத்தில் காரணம், திருத்தினவர் கையெழுத்து. பிறகு செய்தவரிடம் காட்டி அவர் கையெழுத்தையும் வாங்க வேண்டும்.

வீட்டிலும் எனக்கு இதே புத்திதான். என் வீட்டுக்காரர் கதவைப் பூட்டினால் நான் ஒரு தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அவர் காஸை மூடிவிட்டேன் என்றால் போய் ஒரு தடவை திருகிப் பார்ப்பேன். "நான் பூட்டின பூட்டை நீ ஆயுசுக்கும் நம்பப் போறதில்ல, ஹவ்?" என்பார். அவர் குடும்பம் வட ஆற்காட்டிலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு சிகந்தராபாத் வந்து நான்கு தலைமுறை ஆகிறது. இந்த ஊர் உருதுப் பேச்சில் ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு. இவை இல்லாமல் அவருக்குத் தமிழே வராது. கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யாராவது கடைத்தெருவில் நக்கோ என்றால் நின்றுவிடுகிறேன்.

எங்களுக்குப் பொருத்தம் பார்த்தது ஜோசியர் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, பொருந்தியது பைத்தியம். இரண்டு பேருக்கும் எண்ணைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. அவருக்கு ஏ.எஸ்.ராவ் நகர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எண்ணை வகுக்க ஆரம்பித்துவிடுவோம். இறங்குவதற்குள் யார் உடைக்கிறார்கள் என்று போட்டி. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணைப் பகா எண் என்பார்கள். அது வாய்த்தால் அன்று அவருக்குத் தீபாவளி. டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். நான் அதைத் துணியோடு துவைத்துவிடுவேன்.

அல்வால் வீட்டுக்குக் குடிவந்த மாதமே மீட்டர் எண்ணைப் பிடித்துக்கொண்டார். கடைசி இலக்கம் ஏழு, அதனால் இரண்டும் ஐந்தும் கிடையாது. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பது, மூன்றாலும் போகாது. ஏழால் வகுத்தால் மூன்று மிச்சம், பதினொன்றால் வகுத்தால் நான்கு மிச்சம். இப்படியே தொண்ணூற்றேழு வரைக்கும் எல்லாப் பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்துவிட்டு, "இது உடையாது. சிங்கம் மாதிரி தனியா நிக்குது பாரு" என்றார்.

"உடையும். உங்களுக்குத்தான் பொறுமை கெடையாது" என்றேன்.

பந்தயம் கட்டினோம். பகா எண் என்று நிரூபித்துவிட்டால் அவர் பூட்டினதை நான் இனி இழுத்துப் பார்க்கக் கூடாது. உடைந்துவிட்டால் ஆயுள் முழுக்கக் காலைக் காபி அவர் போட வேண்டும். ஆனால் பெண் பிறந்தாள், ஷிப்ட் மாறியது. ரிடையர் ஆனப்புறம் உட்கார்ந்து பார்த்துக்கலாம் என்று தள்ளிப் போட்டோம்.

ரிடையர் ஆன எட்டாவது மாதம், காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நான்கு பாஷை பேசின வாயில் மூன்றே சொல் மிஞ்சியிருந்தது. ஹவ். நக்கோ. கைக்கு. என் பெயர்கூட மிஞ்சவில்லை. அதற்காக அவரிடம் கோபித்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? கோபித்துக்கொண்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான், அவருக்குப் பிடித்தது எதையாவது தினமும் செய்யச் சொல்லுங்கள் என்றாள். அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக மீட்டர் தெரியும். ஒரு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டேன். "நூத்தி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கலாமா?" என்றேன். அவர் முகத்தில் எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. "ஹவ்!" என்றார்.

ஒரு நாளைக்கு ஒரு பகா எண். காலை டிபன் முடிந்ததும் நான் பக்கத்தை ஏற்பாடு செய்வேன். இடது கையால் எழுத அவருக்கு வெகு நேரம் பிடித்ததால், மேலே மீட்டர் எண்ணையும் அன்றைய வகுக்கும் எண்ணையும் நான் எழுதிக் கொடுத்துவிடுவேன். அடியில் என் ஆபீஸ் பழக்கப்படி இரண்டு கட்டம். அவர் நாக்கைத் துருத்திக்கொண்டு இடது கையால் வகுப்பார். கால்மணி நேரம் ஆகும், சில நாள் அரைமணி. முடித்ததும் நோட்டைத் தூக்கிக் காட்டுவார். நான் ஒன்பது தள்ளிச் சரிபார்ப்பேன். அது ரயில்வே டைம் ஆபீஸில் இருந்த என் அப்பாவின் முறை. இலக்கங்களைக் கூட்டி ஒன்பதுகளைத் தள்ளிவிட்டு, மிச்சங்கள் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒத்துப்போகும். அவர் 'செய்தவர்' கட்டத்தில் கோணல்மாணலாக ஒரு கோடு இழுப்பார், நான் என் கட்டத்தில் கையெழுத்துப் போடுவேன்.

5273 வரைக்கும் போனால் போதும். அதை அதாலேயே பெருக்கினால் ஏறக்குறைய மீட்டர் எண் வந்துவிடும். எண் உடைகிறதாக இருந்தால் இரண்டு துண்டில் ஒன்றாவது அதற்குள் இருந்தே தீர வேண்டும், இரண்டுமே அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. நாளைக்கு ஒன்று என்று போனால் ஏறக்குறைய இரண்டு வருஷம். எனக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு வருஷம் இவர் இருப்பார் என்று யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. போனில் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டால் கையை ஓங்குவார். "நக்கோ! நக்கோ!"

நான் பார்க்கவில்லை, எங்கள் பெண் பார்த்துவிட்டாள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் ஜாதி. ஒரு நாள் போனில், "அம்மா, அதி ப்ரைம் காது. ரெண்டே செகண்ட்ல வந்துடுச்சு. தௌசண்ட் தர்ட்டீன்ல போகும்" என்றாள். அது பகா எண் இல்லையாம். 1013 ஒரு துண்டு, 27449 இன்னொரு துண்டு. இரண்டும் பகா எண்கள், அதற்குமேல் உடையாது.

"அப்பாகிட்ட மூச்சு விடாதே" என்றேன்.

"சர்லே அம்மா" என்றாள்.

பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்த காபியை அவரால் போட முடியாது. பரவாயில்லை என்று தோன்றியது. அவரே போய் அந்த எண்ணில் முட்டட்டும். மீதி சைபர் என்று அவர் கையாலேயே எழுதட்டும். வாய் போனாலும் தலை போகவில்லை என்று அவருக்கே தெரியட்டும். அதைவிட மருந்து ஏது? அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தேன். 997 ஆயிற்று, 1009 ஆயிற்று. மறுநாள் 1013.

அன்று காலை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கேசரி கிளறலாம் என்று அடுப்பில் ரவையைப் போட்டுவிட்டு, ஓடி வந்து பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பவும் ஓடினேன். கேசரி இறக்கி வைத்ததும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம். பென்சிலைக் கீழே வைத்தார். வழக்கம்போல நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

ஈவு 27451. மீதி 674.

ஒன்பது தள்ளிப் பார்த்தேன், ஒத்துப்போயிற்று. அந்தச் சோதனைக்கு ஒரு இடத்தில் கண் தெரியாது. இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டால் கூட்டுத்தொகை மாறாது, தப்பு தப்பித்துவிடும். ஆக, மனுஷர் எங்கேயோ இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டார். எங்கே என்று நான் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடும், கிடைத்தால் சொல்ல வேண்டும். தெரிந்தே தப்புக்குக் கையெழுத்துப் போட்டேன், என் உத்தியோக வாழ்க்கையிலும் செய்யாத காரியம். கேசரியைக் கொண்டுபோய் ஊட்டினேன். என்ன விசேஷம் என்பதுபோல முகத்தைப் பார்த்து, "கைக்கு?" என்றார்.

"சும்மாதான். நெய் இருந்தது" என்றேன்.

அவர் மறுநாள் 1019-க்குப் போய்விட்டார். நான்தான் அங்கேயே நின்றுவிட்டேன். அன்றிலிருந்து அவரை வேறு ஆளாகப் பார்க்க ஆரம்பித்தேன். மாத்திரையை அவரே எடுத்தால் கையைத் திறந்து எண்ணிப் பார்ப்பேன். வாசல் சாவி அவர் இடுப்பு வாரில் தொங்கும், அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். டாக்டரிடம் அவரை வைத்துக்கொண்டே, "முன்ன மாதிரி இல்ல டாக்டர், தலை சரியா வேலை செய்யல" என்று சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது கேட்கிறவர், எல்லாம் புரிகிறவர். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. 1427 அன்று காலை. வேலைக்காரி வரவில்லை, துணி ஒரு மலை கிடந்தது. பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துவைக்கப் போய்விட்டேன். பால் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்து காஸ் மட்டும் வந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் பாதி வகுத்தலில் எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு போய், இடது கையால் காஸை மூடி, ஜன்னலையும் திறந்துவிட்டார். நான் ஈரக்கையோடு ஓடி வந்தபோது சமையலறை வாசலில் நின்று சிரித்தார். பிறகு காற்றில் ஒரு பூட்டைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துக் காட்டினார். என்னைத்தான். முப்பது வருஷம் நான் செய்ததை ஒரு தடவை அவர் செய்து காட்டினார்.

அவர் எங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"என்னை செக் பண்றீங்களா? நீங்களா? மொதல்ல உங்க கணக்கைப் பாருங்க! அந்த நம்பர் ஒடைஞ்சு ரெண்டு மாசமாச்சு. ஆயிரத்திப் பதிமூணுல மீதியே இல்லாம போகும். நீங்க தப்பா போட்டு வெச்சிட்டுத் தாண்டிப் போயிட்டீங்க. எனக்கு மொதல்லேருந்தே தெரியும்!"

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. மெதுவாக, "கைக்கு?" என்றார்.

ஏன் தப்பாயிற்று என்று கேட்டாரா, ஏன் மறைத்தாய் என்று கேட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பதில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"உங்க தலை கெட்டுப்போச்சுன்னு உங்களுக்கே தெரியக் கூடாதேன்னுதான்!"

அவர் நாற்காலிக்குப் போனார். நோட்டைப் பின்னால் புரட்டி 1013 பக்கத்தை எடுத்தார். தன் வகுத்தலின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கடைசி வரைக்கும் போய், மறுபடி மேலே வந்து, மறுபடி இறங்கினார். தப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. எவ்வளவு நேரம் தேடினார்! நான் துணியைப் பிழிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நோட்டை மூடி, பென்சிலை அதன் மேல் குறுக்காக வைத்து, இரண்டையும் என் பக்கம் தள்ளினார். "நக்கோ" என்றார்.

அதற்குப் பிறகு தொடவே இல்லை. நான் கெஞ்சினேன். கால்மாட்டில் உட்கார்ந்து, "வாய்க்கொழுப்புல சொல்லிட்டேங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தார், அவ்வளவுதான். பேச்சுப் பயிற்சிக்கும் நக்கோ. ஜன்னல் பக்கம் இருந்த நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிக் கை காட்டினார். மூன்று மாதத்தில் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. அன்று காலை இட்லியைப் பாதி சாப்பிட்டார், மீதியைச் சாப்பிட ஆள் இல்லை.

அவர் காலமான வருஷமே கரண்ட் ஆபீஸிலிருந்து பழைய மீட்டர்களை மாற்ற ஆட்கள் வந்தார்கள். கழற்றுவதற்கு முன் பழைய எண்ணை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்கள். பழக்கதோஷம், தாளைப் பார்த்து, மீட்டரைப் பார்த்து, ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுவிட்டுத்தான் போட்டேன். எனக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். மீட்டரைக் கழற்றி மற்றவற்றோடு ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். புது மீட்டரின் எண்ணை நான் படிக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து உட்கார முடியவில்லை. அந்த எண் இனிமேல் நோட்டில்தான் இருக்கிறது என்று தோன்றவே, அலமாரியிலிருந்து அதை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் 1427, ஈவில் ஒன்று, ஒன்பது என்று இரண்டே இலக்கம். அதற்கப்புறம் பால் பொங்கிவிட்டது. பின்னால் புரட்டினேன். 1013 பக்கம் அவர் தடவித் தடவி அழுக்காகி இருந்தது. கரண்ட் ஆபீஸ் நகல் இன்னும் என் கையிலேயே இருந்ததால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன.

நகலில் 27805837. நோட்டில் 27808537.

மேல் வரி. நான் எழுதியது. ரவை கருகிவிடுமே என்று ஓடி வந்தவள், ஜன்னலைப் பார்க்காமல், தூக்கத்திலும் தப்பாமல் சொல்கிறவள், ஐந்தையும் எட்டையும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பென்சிலை எடுத்து அவர் வகுத்ததைப் படிப்படியாகப் போட்டுப் பார்த்தேன். 2780-ல் இரண்டு தடவை. 7548-ல் ஏழு. 4575-ல் நான்கு. 5233-ல் ஐந்து. 1687-ல் ஒன்று. மீதி 674. நான் கொடுத்த எண்ணுக்கு அதுதான் விடை. ஒரு கைதான் இருந்தது, அதுவும் இடது கை, ஒரு புள்ளி பிசகவில்லை. சரியான எண்ணைக் கொடுத்திருந்தால் கடைசியில் 9117 வந்திருக்கும். ஆயிரத்துப் பதிமூன்றை ஒன்பதால் பெருக்கினால் அதே 9117. சைபர் போட்டுவிட்டு நோட்டைத் தூக்கிக் காட்டியிருப்பார். கேசரி எதற்கு என்று கேட்டிருக்க மாட்டார்.

அன்று அவர் தப்பைத் தேடினபோது விரல் தன் வரிகளில்தான் ஏறி இறங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், மீட்டர் எதிரிலேயே தொங்கியது. பார்க்கவில்லை. மேல் வரி நான் எழுதியது என்பதால் அதைச் சந்தேகிக்கவே அவருக்குத் தோன்றவில்லை. நான் பூட்டின பூட்டை அவர் முப்பது வருஷத்தில் ஒரு நாளும் இழுத்துப் பார்த்ததில்லை. தலை கெட்டுப்போனது தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டே போய்விட்டார். ஐயோ, அப்படி நம்ப வைத்து அனுப்பினவள் நான்.

மத்தியானம் வரைக்கும் அழுதேன். பிறகு பேனா எடுத்தேன். அந்த எட்டு, ஐந்தின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன், அடியில் இருப்பது தெரியும்படியாக. பக்கத்தில் ஐந்து, எட்டு என்று எழுதினேன். என் கையெழுத்தைப் போட்டேன். காரணம் எழுதாத திருத்தம் செல்லாது. பெண்களிடம் எத்தனை தடவை கத்தியிருப்பேன். கைக்கு என்று அவர் கேட்டது காதிலேயே இருந்தது. எழுதினேன்: "எண்ணை மாற்றி எழுதிக் கொடுத்தது நான். அவர் போட்ட கணக்கு சரி."

செய்தவரிடம் காட்டி அவர் கையெழுத்தையும் வாங்க வேண்டும். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.